பதினான்காவது வரி

1

இது ஒரு கடிதத்துக்கு நான் எழுதியிருக்க வேண்டிய பதில். கடிதம் வந்து ஆறு வருடமாகிறது. அனுப்பியவர் அமெரிக்காவில் இருக்கும் எர்னஸ்ரீன் ரொலிவர் என்ற அம்மா. ஒரு காலத்தில் கொழும்பில் அவர்களுடைய தூதரகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். கடிதத்தில் ஒரேயொரு கேள்வி இருந்தது. ஒரு மனிதனின் பெயர் என்ன? எனக்கு அது தெரியாது. தெரியாது என்று ஒரு வரியில் எழுதிப் போட வெட்கமாக இருந்தது. ஆகவே கேட்டவரின் சரித்திரத்தை எழுதத் தொடங்கினேன்.

பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை கேள்வியையே அழகாகத் திருப்பி எழுதி வைப்பதுண்டு. இதுவும் அப்படித்தான் என்று நீங்கள் நினைத்தால், பிழையில்லை.

என் பெயர் சீவரத்தினம். தகப்பன் பெயர் வேலன். உரும்பிராயில் தோட்டக்கூலி. வெங்காயம் நடுவேன், புகையிலைக்குக் கொத்துவேன், இறைப்பு நேரம் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவேன். எழுத்துப் படித்தது நாற்பத்தோராம் வயதில். அதனால் என் வசனம் சில இடங்களில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். சில வசனங்கள் பாதியில் கிடக்கும். அவற்றை நீக்கித் திருப்பி எழுதத் தாள் இல்லை. சாமான்களுக்குத் தடை போட்டிருக்கும் இந்தக் காலத்தில் கொப்பி எங்கே வாங்குவது? அருந்ததி ரீச்சர் தந்த பழைய விஞ்ஞானப் பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தின் மறுபுறத்தில் யாரோ ஒரு பிள்ளை தவளையின் இதயத்தைப் பிழையாகக் கீறியிருக்கிறது.

2

முதலாவது தொடக்கம்:

"1926ஆம் ஆண்டு அமெரிக்காவின் தெற்குப் பகுதியில், ஆற்றங்கரைப் பட்டினம் ஒன்றில், வெள்ளைக்காரரின் உடுப்புத் தோய்த்துப் பிழைத்த ஒரு தாய்க்கு

இதில் நிறுத்தினேன். தாய் உடுப்புத் தோய்த்தது உண்மை. கடிதத்தோடு வந்த இரண்டு பக்கச் சஞ்சிகைத் தாளில் அது இருக்கிறது. ரொலிவர் அம்மா உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியபோது அவருடைய திணைக்களம் போட்ட குறிப்பு. ஆனால் ஆற்றங்கரை என்று அதில் இல்லை. ஆறு நான் சேர்த்தது. எங்கள் பகுதியில் ஆறு கிடையாது. கிணறுதான். ஒரு பெரிய மனுசியின் கதைக்கு ஓர் ஆறாவது வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

அந்த இரண்டு பக்கத்தையும் அருந்ததி எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து தமிழில் சொன்னார். அவர் என்னை விடப் பதினேழு வயது இளையவர். ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ரியூட்டரி வைத்திருக்கிறார். நான் தங்கச்சி என்பேன், அவர் அண்ணை என்பார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இது:

தகப்பன் ரெயில் பாதைக்குக் கட்டை போட்டவர். மகள் படித்தாள், கறுப்புப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த கல்லூரியில். 1949இல் வெளிநாட்டுத் திணைக்களத்தில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தாள். உத்தியோகத்தர் பரீட்சைக்கு இரண்டு தரம் விண்ணப்பித்தாள். இரண்டு தரமும் படிவம் திரும்பி வந்தது. மூன்றாம் தரம் விட்டார்கள். எழுதினாள், சித்தியடைந்தாள். அதன் பிறகு மேற்கு ஆபிரிக்கா, அங்கிருந்து ஒரு தீவு, பிறகு இன்னொரு தீவு. கறுப்பு உத்தியோகத்தரை அந்தக் காலத்தில் வெயில் நாடுகளுக்குத்தான் அனுப்பினார்களாம்.

இதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி இரத்தினம்மா சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். "அதுதான் கடைசியிலை இஞ்சை வந்திருக்கிறா. இஞ்சையை விட வெயில் எங்கை கிடக்கு?" என்றாள். பிறகு, "அமெரிக்காக்காரிக்குச் சரித்திரம் எழுதுறியள். எங்கடை கூரைக்கு ஓலை ஆர் மாத்துறது?"



சஞ்சிகையில் 'முதலாவது' என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. அந்தப் பதவியில் முதலாவது கறுப்புப் பெண், இந்தத் தூதரகத்தில் முதலாவது, அப்படி. எனக்கு விளங்கவில்லை.

"முதலாவது எண்டால், அதுக்கு முன்னம் ஒருத்திக்கும் அந்த வேலை செய்யத் தெரியாதோ தங்கச்சி?"

"தெரியும் அண்ணை. உள்ளுக்கு விடேல்லை."

"அப்ப விடாதவையின்ரை பேரையெல்லோ எழுத வேணும். இவவை ஏன் எழுதுகினம்?"

அருந்ததி சிரித்தார். "உதை நீங்கள் உங்கடை கதையிலை எழுதுங்கோ" என்றார். எழுதிவிட்டேன்.

இன்னொரு சம்பவமும் அதில் இருந்தது. ஏதோ ஒரு நாட்டில் பெரிய விருந்து. வாசலில் நின்ற ரொலிவர் அம்மாவிடம் ஒரு மந்திரி தன் மேற்கோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தாராம், வேலைக்காரி என்று நினைத்து. அம்மா அதைக் கொண்டுபோய்க் கொழுவிவிட்டு வந்து, மந்திரிக்கு நேர் எதிரே, தன் பெயர் எழுதி வைத்திருந்த கதிரையில் இருந்தாராம். சஞ்சிகைக்காரர் இதைப் பகிடியாகச் சொல்லியிருந்தார். அருந்ததிக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு, அந்தக் கோட்டை ஏன் கொழுவினா என்றுதான் இருந்தது. நிலத்தில் போட்டிருக்கலாமே.

அப்படி எனக்கு அவரில் வந்த முதல் ஐமிச்சத்தை இந்த இடத்தில் குறித்து வைக்கிறேன்.

3

இரண்டாவது தொடக்கம்:

"1985ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு காலை, சுற்றிவளைப்பில், எங்கள் தோட்ட வெளியிலிருந்து பதினாறு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்."

இதில் என் கற்பனை ஒன்றும் இல்லை. ஆகவே இதிலிருந்தே போகிறேன்.

பதின்மூன்று பேர் தோட்டம் சொந்தமான குடும்பங்களின் பிள்ளைகள். மூன்று பேர் கூலிக்கு நின்றவர்கள். அந்த மூவரில் ஒருவன் என் ஒரே தம்பி, தம்பிராசா. இரண்டாவது, கொழும்புத்துறை அடைக்கலநாதன். கடலுக்குப் போகத் தடை வந்ததால் வெங்காயம் கிண்ட வந்தவன். மூன்றாவது ஆள் 1983 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து ஓடிவந்தவன். நாங்கள் வேலை செய்த தோட்டத்துப் பொன்னம்பலம் ஐயாவின் புகையிலைக் குடிலில் படுப்பான். அவனைப் பற்றிப் பிறகு வரும்.

ஐந்து மாதமாக ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறார்களா, எந்த முகாமில், ஒன்றும் தெரியாது. பேர் விபரம் இல்லாமல் எவரும் விசாரிக்க மாட்டார்கள், பேர் விபரம் கொடுத்தாலும் உள்ளூர் ஆள் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அப்படி இருக்கும்போதுதான் ஆவணியில் கதை வந்தது: அமெரிக்கத் தூதரகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரி வாறாவாம். பட்டியல் கொடுத்தால் கொழும்பில் மேலிடத்தில் கேட்பாவாம். அவ கேட்டால் சொல்லத்தான் வேணுமாம்.

பட்டியலைப் பொன்னம்பலம் ஐயா தயாரித்தார். அவர் பழைய கிராமசபைத் தலைவர். அவருடைய தோட்டத்தில்தான் நானும் தம்பியும் வேலை. அவருடைய மருமகனும் பிடிபட்டவன். மூன்று நாள் வீடு வீடாகப் போய் விபரம் எடுத்து, தமிழில் எழுதி, யாழ்ப்பாணம் டவுனில் இங்கிலீசில் ரைப் அடிப்பித்து வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் தகப்பன் பெயர், பள்ளிக்கூடம், பிறந்த திகதி. பிடிபட்டவர்களின் உறவினர் எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். எங்களையும் கூப்பிட்டார். நான் முற்றத்தில் நின்றேன். அவர் படியில் இருந்து பெயர்களை வாசித்தார். பதின்மூன்று பெயர்.

"எங்கடை தம்பி, ஐயா?" என்றேன்.

"உங்கடை ஆக்களும் கடைசியிலை இருக்கினம். இஞ்சை, உதிலை விரலை வை."

வைத்தேன். மை உலர முதல் வேட்டியில் துடைத்தேன்.

(இந்த இடத்தில் வாசகர் பொன்னம்பலம் ஐயாவைப் பொய்யர் என்று நினைக்கக் கூடும். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் கடைசியில் இருந்தார்கள்தான். எப்படி இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் வாசித்துப் பார்க்க எனக்குத் தெரியாது.)

4

ரொலிவர் அம்மா வந்த நாளை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் உயரமாக இருந்தார். இன்னொன்றில் கூட்டம் எழும்பி நின்றது. இரண்டையும் விட்டுவிட்டேன். நடந்தது இது.

சனசமூக நிலையத்துக்கு முன்னால் மாவிலை கட்டியிருந்தது. ஜீப் வந்து நின்றது. முன்கதவால் உயரமான, முகம் சிவந்த ஒரு வெள்ளைக்கார இளந்தாரி இறங்கினான். பொன்னம்பலம் ஐயா நேரே போய் அவனுடைய கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார். பெண் வருவதாகச் சொன்னவர்கள் ஆணை அனுப்பிவிட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். அந்த இளந்தாரி மாலையைப் பிடித்தபடி பின்வாங்கினான். பின்கதவால் கட்டையான, பருமனான, எங்களை விடக் கறுத்த ஒரு மனுசி, நீலச் சட்டையும் தோல் பையுமாக இறங்கினார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஜீப்புக்குள் இன்னும் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள்.

"உது ஆர், மட்டக்களப்பு நேர்ஸோ?" என்று அடைக்கலநாதனின் தாய் லூர்த்தம்மா கேட்டாள். மகனுக்காகக் கொழும்புத்துறையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

மொழிபெயர்க்க வந்திருந்த அருந்ததிதான் முதலில் விளங்கிக்கொண்டார். "இவதான் அவ" என்றார்.

"எவ?"

"வெள்ளைக்காரி."

"இவவோ வெள்ளைக்காரி?" லூர்த்தம்மா மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப நானும் வெள்ளைக்காரிதான்."

இளந்தாரி மாலையைக் கழற்றி அவரிடம் நீட்டினான். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. அவர் வாங்கித் தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். அருந்ததி தமிழில் சொன்னார்: "மாலை சரியான ஜீப்புக்குத்தான் வந்திருக்கு, கவலைப்படாதேங்கோ எண்டு சொல்லுறா."

கூட்டம் சிரித்தது. பொன்னம்பலம் ஐயாவும் சிரித்தார். அன்றிலிருந்து ஊரில் அம்மாவுக்குப் பெயர் கறுத்த வெள்ளைக்காரி. மதிப்பாகத்தான் சொல்வார்கள்.

5

நிலையத்துக்குள்ளே மேசை, கதிரை, வாங்கு. நாங்கள் வெளியே சாளரத்தடியில் நின்றோம். உள்ளே வரக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. நின்றோம், அவ்வளவுதான்.

ரொலிவர் அம்மா இருந்த உடனே மேசைக்குக் கீழே சப்பாத்தைக் கழற்றிவிட்டார். கால் வீங்கியிருந்தது. சாளரத்தால் எனக்குத் தெரிந்தது அந்தக் கால்தான். இளநீர் கொடுத்தார்கள், குடித்தார். பட்டியலை எடுத்துப் பெயர் பெயராகப் பார்த்து, ஒவ்வொரு வீட்டாரிடமும் ஏதாவது கேட்டு, பக்கத்தில் குறித்துக்கொண்டார். ஒருமணி நேரம் போயிருக்கும். பதின்மூன்று பெயரும் முடிந்தது. பொன்னம்பலம் ஐயா நன்றி சொல்ல எழும்பினார்.

அம்மா கையைக் காட்டி இருத்தினார். விரலைத் தாளின் அடியில் வைத்து ஏதோ கேட்டார். அருந்ததி அந்த வரியை முதலில் இங்கிலீசில் வாசித்தார், பிறகு எங்களுக்குக் கேட்கத் தமிழில் சொன்னார்:

"பதினான்கு. இவர்களுடன் கூலியாட்கள் மூவர்."

நான் விரல் வைத்தது அதற்குத்தான்.

"இந்த மூண்டு பேரும் ஆர் எண்டு கேக்கிறா" என்றார் அருந்ததி.

"தோட்டத்திலை வேலை செய்யிற பெடியள்" என்றார் பொன்னம்பலம் ஐயா.

"பேர் கேக்கிறா."

"அது பிறகு எடுத்து அனுப்பலாம் எண்டு சொல்லும் பிள்ளை. அவவுக்கு நேரம் போகுது."

அருந்ததி அதையும் மொழிபெயர்த்தார். அம்மா பேனையின் மூடியைக் கழற்றிப் பின்னால் கொழுவிவிட்டு, எழுதுவதற்கு ஆயத்தமாகத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மழைக்குக் காத்திருக்கிற ஆள் போல இல்லை. பஸ் வரும் என்று தெரிந்து நிற்கிற ஆள் போல.

பொன்னம்பலம் ஐயா சாளரப் பக்கம் திரும்பினார். "டேய் சீவரத்தினம். உன்ரை தம்பியின்ரை பேர்விபரத்தைச் சொல்லு." பிறந்த நாளிலிருந்து என் தம்பியைத் தெரிந்தவர். பெயர் தெரியாமலில்லை. அதை அந்த மேசையில் தன் வாயால் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மா என்னை உள்ளே வரச் சொன்னார். நான் வாசற்படியில் ஒரு காலை வைத்தேன், மற்றக் காலை வெளியே வைத்துக்கொண்டேன்.

"வேலன் தம்பிராசா. இருபத்திநாலு வயது. நெத்தியிலை மண்வெட்டி பட்ட காயம்."

அவர் தன் கையால் எழுதினார். லூர்த்தம்மா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "அடைக்கலநாதன். தேப்பன் மரியான். ஞானஸ்நானத் துண்டு கொண்டந்திருக்கிறன், இஞ்சை பார் அம்மா." மேசையில் வைத்தாள். அதுவும் எழுதப்பட்டது.

"மூண்டாவது ஆள்?" என்றார் அருந்ததி.

நான் பொன்னம்பலம் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அவன் வந்து, தோட்டக்காட்டான்" என்றேன்.

அருந்ததி அதை மொழிபெயர்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களை எங்கள் ஊரில் இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. "பேர், அண்ணை" என்றார் மெல்ல.

ஒன்றரை வருடம் அவனோடு ஒரே வரம்பில் வேலை செய்திருக்கிறேன். ஒரே பானையில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவனைக் கூப்பிட்டிருக்கிறேன், தோட்டக்காட்டான் இஞ்சை வா, தோட்டக்காட்டான் தண்ணிப் பம்மை நிப்பாட்டு என்று. என் தம்பியின் பெயர் பட்டியலில் இல்லை என்று கேட்டு நெஞ்சு கொதித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"தெரியாது தங்கச்சி."

6

இந்த இடத்தில் ஒரு வாரம் எழுதாமல் விட்டிருந்தேன். வேலை இருந்தது என்று இரத்தினம்மாவிடம் சொன்னேன். அவள், "ஓம், வேலை" என்றாள்.

தொடர்கிறேன். ரொலிவர் அம்மா கோபிக்கவில்லை. வயது, நிறம், அடையாளம் கேட்டார். இருபத்தைந்து இருக்கும். இடக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சுட்ட தழும்பு, தேயிலை ஃபக்டரியில் பட்டது. 1983 ஐப்பசியில் வந்தான். அடையாள அட்டை? இல்லை, அவர்களில் கனபேருக்கு நாட்டுரிமையே இல்லை. அவர் பதினாறு என்று இலக்கம் போட்டு, பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, அடையாளங்களை அதன் கீழே எழுதினார். பிறகு தன் விலாச அட்டையை அருந்ததியிடம் கொடுத்துச் சொன்னார்: "இந்த வரியை நான் திறந்து வைத்திருப்பேன். பெயர் தெரிந்தவுடன் எழுதுங்கள்."

ஆறு கிழமையில் பதில் வந்தது. பதினைந்து பேரும் தெற்கே ஒரு முகாமில் இருக்கிறார்கள், உயிரோடு. பதினாறாவது ஆள் பற்றி: பெயரின்றித் தேட இயலவில்லை என்று அதிகாரிகள் தெரிவிக்கிறார்கள்.

பதினைந்து பேரும் பகுதி பகுதியாகத் திரும்பி வந்தார்கள். என் தம்பி பதினான்கு மாதத்துக்குப் பிறகு வந்தான். மெலிந்து, முன்பல் இரண்டு இல்லாமல். சோற்றுக் கோப்பையைக் கையில் எடுத்ததும் கேட்டான்: "அண்ணை, அவன் வந்திட்டானோ?"

"எவன்?"

"தோட்டக்காட்டான். அவனை முதல் நாளே வேறை வாகனத்திலை ஏத்தினவங்கள். அட்டை இல்லை எண்டு."

"அவன்ரை பேர் என்னடா?"

 தம்பி சோற்றைக் கீழே வைத்தான்.

7

நான் எழுத்துப் படித்தது இதற்காகத்தான். அருந்ததியிடம் போய், "நான் விரல் வைச்ச வரியை நானே வாசிக்க வேணும் தங்கச்சி" என்றேன். "ஒரு வரிதானே அண்ணை, ரெண்டு மாதத்திலை வாசிக்கலாம்" என்றார். எட்டு மாதம் எடுத்தது. ரியூட்டரியில் பெடியள் போன பிறகு, பின்னேரம், மண்வெட்டியை வாசலில் சாத்திவிட்டுப் போய் வாங்கில் இருப்பேன். பேனை பிடிக்க விரல் மடங்காது. பட்டியலின் தமிழ்ப் பிரதி ஒன்று சனசமூக நிலையத்துக் கோவையில் இருந்தது. போய் உள்ளே இருந்து வாசித்தேன். ஒருவரும் தடுக்கவில்லை.

பொன்னம்பலம் ஐயாவிடம் ஒருநாள் கேட்டேன், ஏன் அப்படி எழுதினீர்கள் என்று. அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே யோசித்தார். "தனித்தனியா எழுத வேணும் எண்டு எனக்கு வரேல்லையடா" என்றார். "நீங்களும் கேக்கேல்லை." பிறகு சொன்னார்: "உனக்கும் அவன்ரை பேர் வரேல்லையே."

அவரை இந்தக் கதையில் கெட்டவராக எழுத எனக்கு விருப்பம். அந்தக் கடைசி வசனம் விடுகிறதில்லை.

ரொலிவர் அம்மாவிலும் எனக்கு மனக்குறை இருந்தது. அன்றைக்குப் போகும்போது அவர் பொன்னம்பலம் ஐயாவின் கையைப் பிடித்து, கவனமாகத் தயாரித்த பட்டியல், நன்றி என்று சொன்னாராம். அதை அருந்ததி எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னார். எனக்கு விசர் வந்தது. மூன்று மனிதரைப் பெயரில்லாமல் விட்ட பட்டியலுக்கு நன்றியா? ஆகவே ஒரு பிரதியில் அவரை எழும்பி நின்று ஏச வைத்தேன். நல்ல ஏச்சு, ஒரு பக்கத்துக்கு. அருந்ததி வாசித்துவிட்டு, "வாசிக்க நல்லாய்த்தான் கிடக்கு. ஆனால் அண்ணை, அவ அப்பிடி ஏசியிருந்தால் பொன்னம்பலத்தார் உங்களைக் கூப்பிட்டிருப்பாரோ?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். வரம்பு உடைந்து தண்ணீர் ஓடும்போது, உடைத்தவனைத் தேடிப் போனால் பாத்தி காய்ந்துவிடும். முதலில் மண் போட வேண்டும். அவர் வேலை தெரிந்தவர். அந்த மந்திரியின் கோட்டைக் கொழுவியதும் அப்படித்தானோ என்று இப்போது தோன்றுகிறது. கதிரைக்குப் போய்ச் சேருவதுதான் அன்றைய வேலை.

இன்னொன்றையும் வெட்டினேன். வெட்டியது உங்களுக்குத் தெரியட்டும்:

~~அவருடைய சின்ன வயதில் ஆறு பெருகியது. அவருடைய பெரியம்மா அதில் போனா. ஊர்ப் பத்திரிகை செத்த வெள்ளைக்காரர் பதினொரு பேரின் பெயரையும் போட்டு, 'கறுப்பர் ஐவரும்' என்று முடித்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளை~~

இது முழுக்க என் கற்பனை. ஆற்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அருந்ததி முகத்தைச் சுளித்தார். "ஒரு மனுசி இன்னொரு மனுசன்ரை பேரைக் கேக்கிறதுக்கு, அவவின்ரை பெரியம்மா ஆத்திலை சாக வேணுமோ அண்ணை? சும்மா கேக்கக் கூடாதோ?"

சும்மா கேட்டார் என்பதுதான் எனக்கு எழுதக் கஷ்டம். ஏனென்றால் சும்மா கேட்பதற்கு எனக்கும் ஒன்றரை வருடம் இருந்தது.

8

தேடாமல் விடவில்லை. புகையிலைக் குடிலில் அவனுடைய பொதி கிடந்தது. ஒரு சேட்டு, ஒரு கம்பளித் துணி, அலுமினியத் தட்டு. எழுத்து ஒன்றும் இல்லை. 1986இல் கிளிநொச்சிப் பக்கம் போனேன். மலைநாட்டிலிருந்து ஓடிவந்த சனம் அங்கே காடு வெட்டிக் குடியிருந்தது. குடிசை குடிசையாக விசாரித்தேன். கையில் சுட்ட தழும்பு, இருபத்தைந்து வயது, பதுளைப் பக்கமாக இருக்கலாம்.

ஒவ்வொரு குடிசையிலும் ஒரே கேள்விதான்: "பேரு என்னங்க?"

"அதைத்தான் தேடுறன்."

"பேரு தெரியாம எப்புடிங்க தேடுறது?" ஒரு கிழவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். "சொந்தக்காரப் பையனுங்களா?"

ஓம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. சொந்தக்காரனின் பெயர் தெரியாத ஆளை எவர் நம்புவார்?

1989இல் ரொலிவர் அம்மாவின் கடிதம் அருந்ததிக்கு வந்தது. உத்தியோகம் விட்டுவிட்டாராம். தங்கை வீட்டில் இருக்கிறாராம், முழங்கால் நோவாம். தன் சரித்திரத்தைத் திணைக்களம் இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டது என்று பகிடியாக எழுதி, அந்தத் தாளையும் வைத்திருந்தார். கடைசியில் எழுதியிருந்தார்: கந்தோரைக் காலி செய்யும்போது பழைய கோவைகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. உங்கள் ஊர்ப் பட்டியலின் பிரதி ஒன்றை மட்டும் கையோடு கொண்டுவந்தேன். பதினாறாவது ஆளின் பெயர் கிடைத்ததா?

இதற்கு மேல் அவருடைய சரித்திரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. உயிரோடு இருந்தால் இப்போது அறுபத்தொன்பது வயது.

9

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. அவனை இரண்டாம் நாளே விட்டுவிட்டார்கள். அவன் எங்கள் பக்கம் திரும்பாமல் நேரே பதுளைக்குப் போய்விட்டான். கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளை. யாழ்ப்பாணம் என்றால் காறித் துப்புவான். (இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு.)

இரண்டு. கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவனைச் சிலோன்காரன் என்று கூப்பிடுகிறார்கள். அங்கேயும் பெயர் இல்லை.

மூன்று. அவனை அந்த வேறு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு

நான்கு. இதில் அவனுக்கு ஒரு பெயர் வைத்தேன். நல்ல பெயர். மலைநாட்டில் வைக்கக்கூடிய பெயர்தான். தகப்பன் பெயரும் வைத்தேன். கடிதம் எழுதி, உறை ஒட்டி, தபாலில் போடப் போகும் வழியில் நின்றேன். ரொலிவர் அம்மா அந்தப் பெயரைத் தன் கையால் அந்த வரியில் எழுதுவார். பிறகு அந்த வரி மூடப்பட்டுவிடும். அப்படி ஒரு ஆளை அவர் தேடுவார், அந்த ஆள் எங்கும் இருக்க மாட்டான். இருக்கிறவன் இன்னொரு தரம் இல்லாமல் போவான். திரும்பி வந்து அடுப்பில் வைத்தேன். இரத்தினம்மா, "அதிலை என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டாள். "பொய்" என்றேன். தேத்தண்ணி கொதித்தது.

ஓர் ஆறு சேர்த்திருக்கிறேன், ஒரு பெரியம்மாவைச் சாகடித்திருக்கிறேன், ஒரு பக்கம் ஏச்சு எழுதியிருக்கிறேன். அந்த மனுசிக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அவருக்குப் பெயர் இருக்கிறது, இரண்டு பக்கம் இருக்கிறது, நான் பிழையாக எழுதினால் அவை என்னைத் திருத்தும். இவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஒரு நாள்தான் எனக்கு முழுதாக ஞாபகம். அவன் வந்த முதல் நாள். வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தோம். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்து, "எங்க தோட்டத்துலயும் மண்ணு செவப்புதாங்க" என்றான். பிறகு கேட்டான்: "அண்ணே, ஒங்க பேரு என்னங்க?"

"சீவரத்தினம்."

"சீவரத்தினம் அண்ணே" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தான், சரியாக வருகிறதா என்று. பிறகு கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னத்துக்கு நிற்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. வெங்காயம் நிறைந்த கடகத்தை நீட்டி, "இதைக் கொண்டுபோய்க் கொட்டு" என்றேன்.

10

முடிவு என்னிடம் இல்லை. இந்தத் தாள்களை அருந்ததி இங்கிலீசில் மாற்றித் தபால் போகும் நாள் வந்தால் அனுப்புவதாகச் சொல்கிறார். தமிழில் வாசிக்கிற நீங்கள் பதுளையிலோ, பண்டாரவளையிலோ, வவுனியாவிலோ, இந்தியாவில் ஏதாவது ஒரு முகாமிலோ இருக்கலாம். உங்கள் வீட்டிலிருந்து ஒருவன் 1983இல் வடக்கே போயிருக்கலாம். இடக்கையில் தழும்பு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை.

கீழே ஒரு வரி விடுகிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள். தெரியாதவர்கள் தயவுசெய்து ஒன்றும் எழுத வேண்டாம்.

16. ..............................................................